பானெட்டுக்குள் ஒரு மஞ்சள் கயிறு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருக்கிறவனைக் கூப்பிட்டு, "உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க சார், பசங்களுக்கு உதவும்" என்று உங்கள் மேனேஜர் கேட்டார். கூடவே, "கியர்பாக்ஸ் பத்தி மட்டும் எழுதுங்க, கதை விடாதீங்க" என்றும் சொன்னார். என்னை நன்றாகத் தெரிந்தவர். கியர்பாக்ஸைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நடுவில் ஒரு கல்யாணம் வரும், ஒரு தவில்காரர் வருவார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமை. வண்டி உள்ளே வந்ததும் ஸ்கேனரைச் சொருகுகிறீர்கள். என்ன கோளாறு என்று அது சொல்லிவிடுகிறது. நீங்கள் தலையை ஆட்டுகிறீர்கள், வண்டிக்காரரும் தலையை ஆட்டுகிறார், வேலை நடக்கிறது. நான் சொல்லப்போகும் வண்டியில் ஸ்கேனர் சொருக இடமே கிடையாது. இடம் இருந்திருந்தாலும் அங்கே ஒரு எலுமிச்சம்பழத்தைச் சொருகி வைத்திருப்பார்கள். அந்த வண்டியின் முதலாளியம்மா அப்படி.

அவர் பெயர் அமுதா. திருவேற்காட்டில் கல்யாண ஊர்வலத்துக்கு வண்டி வாடகைக்கு விடுகிறவர். குதிரை சாரட்டு ஒன்று, மயில் வடிவத்தில் ஒரு வேன், இவற்றுக்கெல்லாம் மேலே அவருடைய பெருமைக்குரிய பழைய அமெரிக்க பிக்கப் டிரக். வெளிர் பச்சை நிறம். மூக்கு மட்டுமே ஒரு ஆட்டோ நீளம். ஸ்டியரிங் இடது பக்கம் இருப்பதால், எதிரே வருகிறவர்களுக்கு ஓட்டுநர் இருக்கவேண்டிய இடத்தில் யாருமே தெரிய மாட்டார்கள். ஆவடியில் ஒரு பெரியவர் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதை நான் நேரில் பார்த்தேன்.

அந்த வண்டியில் கிளட்ச் கிடையாது, கியர் தானாகவே மாறும். அதனால்தான் அது அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த எங்கள் பட்டறைக்கு வந்தது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் அந்தப் பக்கத்தில் என் பெயரைத்தான் சொல்வார்கள். சரியாகச் சொன்னால், மற்ற பட்டறைகளில் கைவிட்ட பிறகு என் பெயரைச் சொல்வார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு ஒரு புதன்கிழமை அது வந்து நின்றது. அமுதா இறங்கினார். ஓட்டிவந்த தாஸ் இறங்கினார். தாஸ் காலில் செருப்பில்லை. கோயிலுக்கு வந்தவர் மாதிரி வெறுங்காலோடு ஆயில் கறைகளைத் தாண்டித் தாண்டி வந்தார்.

"அண்ணே, எனக்கு ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க போதும்" என்றார் அமுதா. "கோளாறு வண்டிலயா, இவன் கால்லயா? வண்டின்னா நீங்க பாருங்க. கால்னா நான் பாத்துக்கறேன். வேற டிரைவர் சொல்லி வச்சிகீறேன்."

தாஸ் கையைக் கட்டிக்கொண்டு வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டிக்கு என்னம்மா?"

"அவசரக்குடுக்கையா பூட்ச்சுண்ணே. கெளம்புன ஒடனே கடகடன்னு மேல் கியருக்குப் போயிடுது. தரையில ஓடிகினு கீது. மேம்பாலம் ஏறுறப்பதான் பேஜாரு. மேல் கியர் போடும், மூச்சு வாங்கும், கீழ எறங்கும், மறுபடியும் மேல போடும். ஒவ்வொரு தபாவும் ஒரு குலுக்கு. மேல குந்திகினு வர்ற மாப்பிள்ள இன்னா ஆவறது?"

என்ன ஆகும் என்று அவரே சொன்னார். வண்டியின் பின்பக்கத்தில் சிம்மாசனம் போட்டு மாப்பிள்ளையை உட்காரவைப்பார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் மாப்பிள்ளை இடுப்பு வரை முன்னால் வளைந்து நிமிர்வாராம். அதுவரைக்கும் பரவாயில்லை. கடைசியாகப் போன ஊர்வலத்தில் குலுக்கல் கொஞ்சம் பலமாக விழ, மாப்பிள்ளை சிம்மாசனத்திலிருந்து கிளம்பி, எதிரே உட்கார்ந்திருந்த தவில்காரர் மடியில் போய் விழுந்திருக்கிறார். தவில்காரர் தொழில் பக்தி உள்ளவர். ஆரம்பித்த தாளத்தை மாப்பிள்ளை முதுகிலேயே முடித்துவிட்டுத்தான் அவரை எழுப்பிவிட்டாராம்.

"எம்பொண்ணு திவ்யாவுக்கு திங்கக்கிழம கல்யாணம்ணே, ஞாயித்துக்கிழம சாயங்காலம் மாப்பிள்ள அழைப்பு" என்றார் அமுதா. இப்போது குரல் இறங்கிவிட்டது. "மாப்பிள்ள இதுலதான் வரணும்னு ஆசப்படறாரு. ஐடில வேல. பருத்திப்பட்டுல ஃபிளாட்டு. திருநெல்வேலிக்காரங்க. அவரோட அத்த ஒண்ணு கீது. நிச்சயதார்த்தத்துல ஜாங்கிரி வட்டமா இல்லன்னு சொன்ன பொம்பள. அது கண்ணு முன்னால மாப்பிள்ள தவில்காரர் மடில உயுந்தா எம்பொண்ணு காலம் பூரா பேச்சு வாங்கணும்." பிறகு தாஸ் பக்கம் திரும்பினார். "ஞாயித்துக்கிழம ஒரு குலுக்கு உயுந்துச்சின்னா, அதோட நீ எறங்கிக்க."

தாஸ் கால் மேல் ஏன் சந்தேகம் என்று கேட்டேன். அமுதா அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார். தாஸின் மகன் முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு ஷூ வாங்கிக்கொடுத்திருக்கிறான். ஆரஞ்சு நிற அடிப்பாகம் வைத்த ஷூ. அந்த ஷூ வந்த சமயத்தில்தான் வண்டி இப்படி ஆனதாம். அமுதா ஷூவைப் பிடுங்கித் தன் பீரோவில் பூட்டி, இனி வெறுங்காலோடுதான் ஓட்டவேண்டும் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகும் வண்டி சரியாகாததால், காலே சரியில்லை என்ற முடிவுக்கு வந்திருக்கிறார்.

சிரிக்காதீர்கள். ஷூ விஷயத்தில் அவர் தப்பு, ஆனால் காலைச் சந்தேகப்பட்டதில் நியாயம் இருந்தது. ஆட்டோமேட்டிக் வண்டியில் கால் மெதுவாக அழுத்தினால் கியர் சீக்கிரம் மேலே போகும், பலமாக அழுத்தினால் கீழ் கியரிலேயே நின்று இழுக்கும். தாஸ் பல வருடம் லாரி ஓட்டியவர். டீசல் மிச்சம் பிடித்துப் பழகிய கால். ஆக்சிலேட்டர் மேல் குழந்தை கன்னத்தைத் தொடுவது மாதிரிதான் வைப்பார். அப்படிப்பட்ட காலுக்கு கியர் சீக்கிரம் மாறுவது இயற்கை. ஆக, "கால்தான்மா" என்று நான் அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே தாஸ் வேலை போயிருக்கும். ஒருத்தர் பிழைப்பு உங்கள் வாயில் தொங்கும்போது டீ குடிக்கப் போகிறேன் என்று சொல்லியாவது வாயை மூடிக்கொள்ளுங்கள்.

நானே வண்டியை எடுத்தேன். என் காலுக்கு மிச்சம் பிடிக்கும் பழக்கமே கிடையாது, என் மனைவியைக் கேட்டால் சொல்வார். எஸ்டேட் ரோட்டில் தரையோடு தரையாக அழுத்தினேன். எஞ்சின் கத்தியது, கியர்பாக்ஸ் அதைக் காதிலேயே வாங்கவில்லை. நான் அழுத்துவதே தெரியாதது போல அவசர அவசரமாக மேல் கியருக்குப் போய் உட்கார்ந்தது. ஒருவிதத்தில் நிம்மதியாக இருந்தது. என் காலுக்கும் அதே கதிதான் என்றால் தாஸ் கால் மேல் குற்றமில்லை.

கால் அழுத்துவதை கியர்பாக்ஸுக்குச் சொல்ல அந்தக் காலத்து வண்டியில் ஒரு ராடு இருக்கும். கார்புரேட்டரில் ஆரம்பித்து கியர்பாக்ஸ் வரை போகும். நீங்கள் அழுத்தினால் ராடு நகரும், "ஆள் பலமாக அழுத்துகிறார், கீழ் கியரிலேயே இரு" என்று கியர்பாக்ஸுக்குத் தெரியும். ராடு நகரவில்லை என்றால், வண்டி ஓட்டுகிறவர் காலை மடக்கிச் சம்மணம் போட்டிருக்கிறார் என்றுதான் அது நினைத்துக்கொள்ளும். ராடைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று பானெட்டைத் திறந்தேன்.

திறந்தால் உள்ளே ஒரு கோயில்.

முன்பு மூன்று பட்டறைகளில் பார்த்திருக்கிறார்கள் என்று அமுதா சொல்லியிருந்தார். ஆயில் மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி, எல்லாவற்றையும் துடைத்திருந்தார்கள். எஞ்சின் பளபளவென்று இருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் துணி படவே இல்லை. கார்புரேட்டருக்குப் பக்கத்தில் ஒரு உருண்டை. மஞ்சள் கயிறு, அதில் ஒரு மஞ்சள் கிழங்கு, மேலே சந்தனம், அதற்கு மேலே குங்குமம், அதற்கு மேலே மறுபடியும் சந்தனம், சூடப் புகை, காய்ந்த மல்லிகை. பல வெள்ளிக்கிழமைகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தன. அதைச் சுற்றி வட்டமாகத் தூசி. மூன்று பட்டறைக்காரர்களின் துணியும் அந்த இடத்தைப் பிரதட்சிணம் செய்துவிட்டுப் போயிருக்கிறது.

அந்த உருண்டையின் ஒரு பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது நான் தேடிய ராடு.

கையை நீட்டினேன்.

"அண்ணே! கை வைக்காதீங்க!" அமுதா போட்ட சத்தத்தில் பக்கத்தில் வேறொரு வண்டிக்கு டயர் கழற்றிக்கொண்டிருந்தவர் ஸ்பேனரைப் போட்டுவிட்டார். "அது தானா வந்த கயிறுண்ணே. ஒரு வெள்ளிக்கிழம பூஜ போடலாம்னு தொறக்கறேன், உள்ள மஞ்சக் கயிறு கட்டிகினு கீது. யாரும் கட்டல. நான் எல்லாரையும் கேட்டேன். அம்மனே வந்து கட்டிகீறா. அது வந்த அப்பால புக்கிங் எப்பிடி வருது தெரியுமா? போன் கீழ வைக்க முடியல."

யாரும் கட்டவில்லை என்று அவர் சொன்னபோது தாஸ் எஸ்டேட் வானத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

டிரைவரோடு தனியாகப் பேசவேண்டும், ஓட்டும் விதத்தைப் பற்றிக் கேட்கவேண்டும் என்று அமுதாவிடம் சொல்லிவிட்டு, தாஸை எதிரே இருந்த டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டீ ஆறுவதற்குள் அவர் வாயிலிருந்து எல்லாம் வந்துவிட்டது.

"அண்ணாத்தே, நான்தான் கட்னேன். நெமிலிச்சேரியில ஒரு ஊர்வலம். பாதி வழியில அந்த ராடு கழண்டுகினு கீய தொங்குது. கிளிப்பு எங்கயோ உயுந்துட்ச்சி. இருட்டிகினு வருது. மாப்பிள்ள மேல குந்திகினு கீறாரு, பேண்டு செட்டு நிக்கிது. கட்டறதுக்கு ஒரு கம்பி இல்ல, ஒரு சணல் இல்ல. சீர் தட்டுல பாத்தா ஒரு மஞ்சக் கயிறு உபரியா கீது. அத்த எடுத்துப் பக்கத்துல இருந்த தகடோட சேத்துக் கட்டிட்டேன். காலைல கிளிப்பு போட்டுக்கலாம்னு ஊட்டுக்குப் போயிட்டேன்."

"காலைல?"

"காலைல வந்தா அக்கா பானெட்ட தொறந்து வச்சிகினு சூடம் காட்டிகினு கீது. கண்ணுல தண்ணி. தெருவே நின்னு கும்புடுது. நான் போய், அக்கா அது நான் கட்னதுன்னு சொல்லவா? சூடம் காட்டின அப்பால எப்பிடி அண்ணாத்தே சொல்றது?"

நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா? யோசித்துப் பாருங்கள்.

"சரி, ஒரு மாசம் போவட்டும் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள புக்கிங் வந்துட்ச்சி. அம்மன் மகிமன்னு பேராயிட்ச்சி. அப்பால என் ஷூ மேல பழி வந்துட்ச்சி." கிளாஸைக் கீழே வைத்தார். "பையன் மொத மொத வாங்கிக் குடுத்தது அண்ணாத்தே. ரெண்டு நாளு கூட போடல."

நிலைமையைப் பாருங்கள். கயிற்றை எடுக்காவிட்டால் ராடு சேராது, ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை விழுவார், தாஸ் வேலை போகும். தாஸ்தான் கட்டினார் என்று சொல்லி எடுத்தால், இத்தனை நாள் என்னை ஒரு ராடுக்குச் சூடம் காட்டவைத்தாயா என்று அமுதா கேட்பார், தாஸ் வேலை போகும். யாருக்கும் தெரியாமல் வெட்டிவிடலாமா? மகள் கல்யாணம் வைத்திருக்கிற வீட்டில், மஞ்சள் கயிற்றைக் கத்தரிக்கோலால் வெட்டுவதா? எனக்கும் பெண் இருக்கிறாள் ஐயா. மற்ற மூன்று பட்டறைக்காரர்கள் ஏன் சுற்றிக்கொண்டு போனார்கள் என்று அப்போதுதான் எனக்கு நன்றாகப் புரிந்தது.

இரண்டாவது டீயில் வழி தெரிந்தது. அமுதாவிடம் திரும்பிப் போனேன்.

"கோளாறு கால்ல இல்லம்மா. வண்டியிலதான்" என்றேன். தாஸ் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "இன்னொண்ணு கேக்கணும். ஆடிப்பெருக்குக்கு நீங்க தாலிக்கயிறு மாத்துவீங்களா?"

"மாத்தாம? வருசா வருசம்."

"எப்படி மாத்துவீங்க?"

"இன்னாண்ணே, தெரியாத மாரி கேக்கறீங்க. புதுசு கட்டிக்கினு, அப்பால பழச எடுப்போம். கழுத்து வெறுமையா இருக்கக் கூடாதில்ல."

"நைஞ்சு போன கயிறு?"

"அத்த போட்டுக்கவே கூடாது."

நான் பானெட்டுக்குள் பார்த்தேன். அவரும் பார்த்தார். குனிந்து பார்த்தார். முகம் மாறியது.

"அய்யய்யோ, கறுத்து, நைஞ்சி, கலீஜா கீதேண்ணே! இந்தக் கயிறோடவா எம்பொண்ணு மாப்பிள்ளயக் கூட்டிகினு வரப்போவுது? மொதல்லயே சொல்ல மாட்டீங்களா?"

வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில் கயிறு மாற்றுவது என்று முடிவானது. கியர்பாக்ஸ் வேலைக்கு நல்ல நேரம் பார்த்தது என் அனுபவத்திலேயே அது ஒன்றுதான்.

அன்று பட்டறை வாசலில் கோலம் போட்டார்கள். திருவேற்காட்டிலிருந்து ஒரு ஷேர் வேன் நிறைய அமுதாவின் தெருப் பெண்கள் வந்து இறங்கினார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பூ, புதிய கயிறு. சர்வீஸுக்கு வந்திருந்த ஒரு கார்க்காரர், எங்கள் பட்டறையில் தினமும் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து, வரிசையில் நின்று கையை நீட்டிச் சர்க்கரைப் பொங்கல் வாங்கிக்கொண்டார். நான் வேட்டி கட்டிக்கொண்டு, பையில் புது கிளிப்போடு நின்றேன்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது அமுதாவுக்கு ஒரு யோசனை வந்தது.

"புதுக் கயிற தாஸே கட்டட்டும். அவன்தானே இத்த ஓட்டறான். அவன் கால்ல கோளாறு இல்லன்னு அண்ணனே சொல்லிட்டாரு."

தாஸுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்திருந்த அவர் மனைவி கஸ்தூரி, தூக்குவாளியைத் தரையில் வைத்தார்.

"இன்னாக்கா பேசறீங்க? நான் குத்துக்கல்லாட்டம் நின்னுகினு கீறேன், என் கண்ணு முன்னாலயே எம்புருசன் ஒரு லாரிக்குத் தாலி கட்டுவாரா?"

"லாரி இல்ல கஸ்தூரி, பிக்கப்பு" என்றார் தாஸ். சில ஆண்களுக்கு எப்போது பேசக் கூடாது என்று தெரியவே தெரியாது.

பெண்கள் எல்லாரும் கஸ்தூரி பக்கம் சாய்ந்துவிட்டதால் அமுதாவே கட்டினார். ராடின் மேல், வளையல் மாதிரி தளர்வாக, நான் சொன்ன இடத்தில் கட்டினார். குலவை போட்டார்கள். இனி பழையதை எடுக்கவேண்டியதுதான்.

அந்த முடிச்சு அவிழவில்லை. சந்தனத்தைத் தண்ணீர் விட்டுக் கரைத்தேன், நகத்தால் நெம்பினேன், மெல்லிய ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டேன். அசையவில்லை. அறுக்கலாம் என்றால் சுற்றி நிற்கிற பெண்கள் என்னை அறுத்துவிடுவார்கள். நல்ல நேரம் முடியப்போகிறது என்று யாரோ சொன்னார்கள். வியர்த்துக் கொட்டியது.

"தள்ளுங்கண்ணே" என்று கஸ்தூரி உள்ளே வந்தார். ஒரு முனையைக் கீழே தள்ளி, ஒரு சுருக்கை விரலால் தூக்கி, ஒரு இழு. கயிறு கையோடு வந்துவிட்டது.

"எப்டிம்மா?" என்றேன்.

"இது எங்க ஊட்டு முடிச்சுண்ணே" என்றார் கஸ்தூரி, வெகு சாதாரணமாக. "கொசுவலைக்கு இதான், துணிக்கொடிக்கு இதான், அரிசி மூட்டைக்கும் இதான். யாராலயும் அவுக்க முடியாது. கல்யாணத்தன்னிக்கு எனக்குப் போட்டதும் இதான், எங்க நாத்தனாரு..."

அங்கேதான் அவருக்கு விஷயம் உறைத்தது. நிறுத்திக்கொண்டார். அமுதா, எரிகிற சூடத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மெதுவாகத் தாஸ் பக்கம் திரும்பினார். தாஸ் இந்த முறை வானத்தைப் பார்க்க முடியவில்லை, மேலே பட்டறைக் கூரைதான் இருந்தது.

"அண்ணே" என்றார் அமுதா, தாஸைப் பார்த்துக்கொண்டே என்னிடம். "இத்த கட்டுனது இவனா?"

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அம்மனும் கட்டியிருக்கலாம், தாஸும் கட்டியிருக்கலாம் என்று மழுப்பியிருக்கலாம். ஆனால் கால் சரி, வண்டிதான் கோளாறு என்று நான் சொன்னதை நம்பித்தான் அந்த அம்மா வந்திருக்கிறார். இதில் பொய் சொன்னால் அதையும் நம்ப மாட்டார்.

"தாஸ்தான்மா கட்டுனாரு" என்றேன். "நடு ரோட்டுல ராடு கழண்டு தொங்குச்சு. அப்படியே விட்டிருந்தா எதுலயாவது மாட்டி வண்டி அங்கேயே நின்னிருக்கும். அன்னிக்கு மாப்பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேத்தது இந்தக் கயிறுதான். கட்டுனது தப்பில்ல. மறுநாள் சொல்லாததுதான் தப்பு. அவர் கால்ல கோளாறு இல்ல, வாயிலதான்."

"அப்ப நான் இத்தினி நாளு சூடம் காட்டுனது?"

"ராடுக்கும்மா."

"ராடுக்கு" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஞாயித்துக்கிழம மேம்பாலம் ஏறட்டும். அப்பால பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு வேனில் போய் உட்கார்ந்தார்.

நான் ராடைப் பொருத்தி, கிளிப்பைப் போட்டு, நீளத்தைச் சரிசெய்தேன். அது சின்ன வேலை, அதை உங்களுக்கு எழுதவேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானும் போனேன். கூப்பிட்டார்கள், கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன். பருத்திப்பட்டு ஃபிளாட் வாசலில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வண்டி கிளம்பியது. மேலே சிம்மாசனத்தில் மாப்பிள்ளை. எதிரே அதே தவில்காரர், மடியில் ஒரு தலையணை வைத்துக்கொண்டு உஷாராக உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங்கில் தாஸ், வெறுங்காலோடு. நான் பக்கத்தில் நடந்தேன். அமுதா பட்டுப்புடவையில், மாப்பிள்ளையின் அத்தையோடு முன்னால் நடந்தார், ஆனால் பார்வை முழுக்கப் பின்னால்.

மேம்பாலம் வந்தது. தாஸ் என்னைப் பார்த்தார். "மிதிங்க" என்றேன். லாரிக்காரர் கால் அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தாராளமாக இறங்கியது. எஞ்சின் உறுமியது. கீழ் கியரிலேயே நின்று, ஒரு குலுக்கல் இல்லாமல், தேர் மாதிரி ஏறியது. தவில்காரர் தலையணையை எடுத்து ஓரமாக வைத்தார். உச்சியில் நான் தாஸ் தோளைத் தட்டினேன். அந்த மனிதர் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், எதற்கு மறைக்கவேண்டும்.

இறங்கி மண்டபத் தெருவுக்குள் நுழைந்ததும் பிரச்சினை ஆரம்பித்தது.

இரண்டு பக்கமும் அமுதாவின் சொந்தக்காரர்கள், கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். மாப்பிள்ளை பாவம், கூச்ச சுபாவம். விழுந்துவிடுவோமோ என்ற பயம் வேறு. சிம்மாசனத்தின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"இன்னாபா, மாப்பிள்ள கண்டுக்கவே மாட்டேங்கறாரு?" என்றது ஒரு குரல்.

"ஐடி திமிரு" என்றது இன்னொன்று.

"இந்த வண்டில வர்ற மாப்பிள்ளைங்கோ எல்லாம் குனிஞ்சி குனிஞ்சி வணக்கம் வச்சிகினே வருவாங்களே! வீடியோல எவ்ளோ ஷோக்கா இருக்கும்! இது இன்னா மரமாட்டம் குந்திகினு கீது?"

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. குலுக்கலுக்கு மாப்பிள்ளை குனிந்தார், பார்த்தவர்கள் பணிவு என்று நினைத்தார்கள், வீடியோ ஊரெல்லாம் போனது, அந்த வண்டியில் வந்தால் மாப்பிள்ளை அடக்கமாக இருப்பார் என்று பெண் வீட்டார் எல்லாம் போன் போட்டார்கள். புக்கிங் வந்தது கயிற்றால்தான். அமுதா சொன்னதில் தப்பே இல்லை.

இதெல்லாம் அத்தை காதிலும் விழுந்தது. "யாருக்குத் திமிரு? எங்க புள்ளய யாரு சொல்லுதது?" என்று அவர் நின்றுவிட்டார். "தங்கமான புள்ளய வந்ததும் வராததுமா இப்படிப் பேசுதியளே! ஏ, வண்டிய நிப்பாட்டச் சொல்லு!"

அமுதா முகத்தில் ரத்தமே இல்லை. சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டிப் பக்கம் ஓடிவந்தார். வழக்கம்போல முதலில் வலது பக்கம் ஓடி, அங்கே யாரும் இல்லாததால் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தார்.

"தாஸு! ஒரு குலுக்கு குலுக்குடா!"

"அக்கா, வண்டி சரியாயிட்ச்சே!"

"வண்டி சரியானா இன்னா? நீ டிரைவர்தானே? மாப்பிள்ள குனியணும், உயுந்துடக் கூடாது. உன்னால முடியும்டா நைனா, பண்ணு!"

தாஸ் வெறுங்காலை பிரேக் மேல் வைத்தார். அந்தக் காலைப் பற்றி முன்பே சொன்னேன். ஒரு தொடு. மாப்பிள்ளை அழகாக முன்னால் குனிந்து நிமிர்ந்தார். இடது பக்கக் கூட்டம் "ஆஹா" என்றது. வண்டியைக் கொஞ்சம் வலது பக்கம் வளைத்து இன்னொரு தொடு. அந்தப் பக்கத்துக்கு ஒரு வணக்கம். தவில்காரர் சரியாக அந்த இடத்தில் ஒரு தட்டுத் தட்டினார். தெரு முழுக்க விசில். எத்தனையோ டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒரு ஆளை இவ்வளவு மரியாதையாகக் குனியவைத்த காலைப் பார்த்ததில்லை. மண்டப வாசலில் நின்றிருந்த பெரியவர்களுக்கு மட்டும் கொஞ்சம் ஆழமான வணக்கமாகக் கொடுத்தார்.

"பாத்தியளா, எங்க வளப்பு!" என்றார் அத்தை, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்து. பிறகு அமுதாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு வைத்த ஜாங்கிரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாப்பிட்டுவிட்டு நான் வெளியே வந்தபோது, தாஸும் கஸ்தூரியும் வண்டிப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பால பேசிக்கறேன் என்று அமுதா சொன்ன அந்தப் பேச்சுக்காகக் காத்திருந்தார்கள். அமுதா வந்தார். கையில் ஒரு துணிப்பை. தாஸ் எழுந்து நின்றார்.

பையிலிருந்து ஆரஞ்சு அடிப்பாகம் வைத்த ஷூவை எடுத்து அவர் முன்னால் வைத்தார் அமுதா. அவருடைய பீரோவிலிருந்து பொட்டு வைக்காமல் வெளியே வந்த ஒரே பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

"மாட்டிக்கோ. நாளைக்கி சாயங்காலம் பட்டாபிராம்ல ஒரு மாப்பிள்ள அழைப்பு கீது. வெறுங்காலோட வந்து என் மானத்த வாங்காத." கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். "இனிமே எது கழண்டாலும் மொதல்ல எங்கிட்ட சொல்லு. சூடம் அப்பால காட்டிக்கலாம்."

தாஸ் படியில் உட்கார்ந்து ஷூவை மாட்டினார். லேஸைக் கட்டினார். ரொம்ப நேரம், கவனமாக, சந்தோஷமாகக் கட்டினார். எட்டிப் பார்த்தேன். அதே முடிச்சு. கஸ்தூரி தலையில் அடித்துக்கொண்டார், வீட்டுக்குப் போனதும் அதை அவிழ்க்கப்போவது அவர்தானே.